பாடகியின் குரல் எங்கே போனது? ஓர் ஒத்திகை அறையின் ஒலியியல் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உரிய இசைக்குழுவில் ஐந்து பேர்: ஒரு பாடகி, இரண்டு மின் கிட்டார் கலைஞர்கள், ஒரு பேஸ் கிட்டார் கலைஞர், ஒரு டிரம்ஸ் கலைஞர். ஒத்திகை அறையில் பாடகிக்குத் தன் குரலே கேட்பதில்லை. மைக்கின் ஒலியைக் கூட்டினால் ஸ்பீக்கர் கீச்சென்று ஊளையிடுகிறது. பேஸ் கலைஞருக்குத் தாழ்ந்த சுரங்களில் சில காணாமல் போகின்றன, ஒரு சுரம் மட்டும் அறையையே அதிரவைக்கிறது. கிட்டார் கலைஞர்கள் இருவரும் ஒருவர் மாற்றி ஒருவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒத்திகை முடிந்து வெளியே வந்தால் எல்லோருக்கும் காது இரையும்.

அவர்கள் எங்களிடம் கேட்டது இன்னும் சக்தி வாய்ந்த ஸ்பீக்கர் எது என்பதைத்தான். அறையை ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் வாங்குவதைத் தள்ளிவைக்கச் சொன்னோம். இருக்கும் ஸ்பீக்கரே அந்த அறைக்குப் போதும். தேவைக்கு மேல் இருந்தது அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒலி.

அறை

நீளம் 5.2 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 2.6 மீட்டர். பூசிய செங்கல் சுவர்கள், கான்கிரீட் கூரை, ஓடு பதித்த தரை, ஒரு மரக்கதவு, ஒரு சிறிய கண்ணாடிச் சன்னல். கன அளவு சுமார் 54 கன மீட்டர். டிரம்ஸுக்கு அடியில் மெல்லிய கம்பளம். ஒரு சுவர் முழுக்க முட்டை அட்டைகள். இன்னொரு சுவரில் இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் துண்டுகள்.

முட்டை அட்டையைப் பற்றி இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அது காகிதக்கூழ். மெல்லியது, எடை இல்லாதது. உயர்ந்த அதிர்வெண்களில் சிறிதளவு ஒலியைச் சிதறடிக்கும், சிறிதளவு உறிஞ்சும், அவ்வளவுதான். வெளியே போகும் சத்தத்தையும் அது தடுக்காது, உள்ளே இருக்கும் முழக்கத்தையும் குறைக்காது. எளிதில் தீப்பிடிக்கும். உலகம் முழுவதும் இளம் இசைக்குழுக்கள் ஏன் இதை இவ்வளவு பக்தியோடு ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

மெல்லிய ஃபோமின் கதை வேறு. அது வேலை செய்கிறது, ஆனால் பாதி மட்டும். சிம்பலின் சிலீர் ஒலியையும் குரலின் கூர்மையையும் விழுங்கிவிட்டு, பேஸையும் கிக் டிரம்மையும் அப்படியே விட்டுவிடுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள்கள் அநேகமாக அசைவதில்லை. அவை மிக வேகமாக அசையும் இடம் சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில் இருக்கிறது. நுண்துளைப் பொருள் ஒன்று ஒலியை உறிஞ்ச வேண்டுமானால், காற்று அதன் இழைகளுக்கு இடையே உரசிச் செல்ல வேண்டும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.43 மீட்டர். அதில் கால் பங்கு ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் ஃபோமால் அங்கே என்ன செய்ய முடியும்? ஆகவே மெல்லிய ஃபோமோ கம்பளமோ நிறைய ஒட்டிய அறை, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கலாகவும் அதே சமயம் கனமாகவும் ஒலிக்கும். ஒன்றுமே ஒட்டாத அறையைவிட அது மோசம் என்று சொல்லும் இசைக்கலைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அளந்தது

முதலில் கை தட்டிப் பார்த்தோம். நான்கு மீட்டர் இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே கை தட்டினால் ஒலி போய்வர 23 மில்லி வினாடி ஆகும். ஆகவே ஒரே தட்டல் வினாடிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட முறை திரும்பி வந்து, உலோகம் நடுங்குவதுபோல் ஒலிக்கிறது. ஸ்னேர் டிரம்மின் ஒவ்வொரு அடிக்கும் இதே நடுக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அளவீட்டு மைக் ஒன்றையும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளையும் வைத்து 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியை ஓட்டி, ஐந்து பேரும் நிற்கும் இடங்களில் அவரவர் காது உயரத்தில் பதிவு செய்தோம். அறையின் நடுவில் ஒரே ஓர் அளவீடு எடுத்தால் போதாது. தாழ்ந்த அதிர்வெண்களில் ஒரு மீட்டர் நகர்ந்தாலே வேறு அறைக்குப் போய்விட்டதுபோல் வரைபடம் மாறிவிடும்.

எதிர்முழக்க நேரம் என்பது ஒலி நின்ற பிறகு அதன் அளவு 60 டெசிபல் குறைய எடுத்துக்கொள்ளும் காலம். இந்த அறையில் 500, 1,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அது 1.6 வினாடியாக இருந்தது. 125 ஹெர்ட்ஸில் இரண்டு வினாடியைத் தாண்டியது. 4,000 ஹெர்ட்ஸில் 0.9 வினாடி, அதாவது ஃபோமின் பங்களிப்பு. இந்த அளவுள்ள அறையில் மின் கருவிகளோடு வாசிக்க 0.3 முதல் 0.4 வினாடி வரை இருப்பதே வசதி. இருந்ததோ அதைப்போல் நான்கு மடங்கு.

ஒத்திகை அறைகளுக்கென்றே 2021ஆம் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 23591 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது. மின்பெருக்கிய இசை, மின்பெருக்கம் இல்லாத உரத்த இயல்பொலி இசை, மென்மையான இயல்பொலி இசை என்று மூன்றையும் அது தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. தந்தி நால்வர் குழுவுக்கு இதமான முழக்கம் ராக் குழுவுக்குச் சேறு. டென்மார்க்கின் ராக் இசை அரங்குகளைப் பற்றி நீல்ஸ் ஆடெல்மன்-லார்சனும் அவருடைய சகாக்களும் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு கோணத்தில் காட்டியது. இசைக்கலைஞர்களும் ஒலிப் பொறியாளர்களும் மோசம் என்று மதிப்பிட்ட அரங்குகளில் 63, 125 ஹெர்ட்ஸ் பகுதிகளின் எதிர்முழக்கம்தான் குறிப்பிடத்தக்க அளவு நீண்டிருந்தது. அவை பெரிய அரங்குகள். ஆனாலும் பேஸ் பகுதி கட்டுக்குள் இல்லாவிட்டால் மேலே என்ன செய்தாலும் பயனில்லை என்பது சிறிய அறைக்கும் பொருந்தும்.

இப்போது பேஸ் கலைஞரின் புகாருக்கு வருவோம். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் அறையின் அளவுகளிலேயே எழுதப்பட்டிருந்தது.

இரண்டு இணைச் சுவர்களுக்கு இடையே, அந்த இடைவெளி அரை அலைநீளமாக அமையும் அதிர்வெண்ணில் நிலை அலை (சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அடங்கியும் நகராமல் நிற்கும் ஒலி) உண்டாகும். அதன் மடங்குகளிலும் உண்டாகும். 5.2 மீட்டர் நீளத்துக்கு 33, 66, 99, 132 ஹெர்ட்ஸ். 4 மீட்டர் அகலத்துக்கு 43, 86, 129. 2.6 மீட்டர் உயரத்துக்கு 66, 132. நீளம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு. அதனால் 66 ஹெர்ட்ஸில் நிலை அலையாய் எழும் இரண்டு ஒத்ததிர்வுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டன. பேஸ் கிட்டாரில் ஏ தந்தியின் மூன்றாம் கட்டில் வரும் சி சுரத்தின் அதிர்வெண் 65.4 ஹெர்ட்ஸ். அறையை அதிரவைத்த சுரம் எது என்று வாசித்துக் காட்டச் சொன்னபோது அவர் விரல் நேராக அங்கேதான் போனது. வரைபடத்தில் அந்த இடம் பக்கத்துப் பகுதிகளைவிட 14 டெசிபல் உயர்ந்து நின்றது. சுரத்தை நிறுத்திய பிறகும் ஒன்றரை வினாடிக்கு மேல் அடங்கவில்லை.

காணாமல் போன சுரம், திறந்த ஈ தந்தி. அது 41.2 ஹெர்ட்ஸ். அகலத்தின் முதல் ஒத்ததிர்வான 43 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நிலை அலையின் அழுத்தம் இரு பக்கச் சுவர்களிலும் உச்சம், சரியாக நடுவில் சூனியம். அவர் நின்றது அகலத்தின் நடுவில். தன் சுரம் கேட்கவில்லை என்று அவர் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டக் கூட்ட, சுவரோரம் நின்ற கிட்டார் கலைஞர்கள் அந்த ஈ சுரத்தில் மூழ்கிப் போனார்கள். பதிலுக்கு அவர்களும் கூட்டினார்கள். ஆம்ப்ளிஃபயரோ அறையின் மூலையில் இருந்தது. எல்லா நிலை அலைகளுக்கும் அழுத்தம் உச்சமாக இருக்கும் ஒரே இடம் மூலைதான் என்பதால், அறையின் அத்தனை ஒத்ததிர்வுகளையும் அது ஒன்றுவிடாமல் எழுப்பிக்கொண்டிருந்தது.

அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டார்கள். மேட்டை ஓரளவு குறைக்கலாம். ஆனால் ஒருவர் காதுக்குக் குறைத்தால் மற்றவர் இடத்தில் குழி விழும். சூனியத்தை நிரப்பவே முடியாது. அங்கே எவ்வளவு ஒலியைச் செலுத்தினாலும் அது தன்னைத்தானே ரத்துசெய்துகொள்ளும். ஆம்ப்ளிஃபயர் சூடாவதுதான் மிச்சம்.

செலவில்லாத மாற்றங்கள்

ஒரு பலகைகூட வாங்குவதற்கு முன்னால், இருப்பதை இடம் மாற்றினோம். குழு மேடையில் நிற்பதுபோலவே எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நின்றிருந்தது. அதாவது பாடகிக்குப் பின்னால் டிரம்ஸ். பாடகியின் மைக் கார்டியாய்டு வகை: முன்பக்க ஒலியை முழுமையாகவும் பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் எடுக்கும். அந்த முன்பக்கம் பாடகியின் முகத்தையும், அவர் தோளுக்கு மேலாக டிரம்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தது. சிம்பல் ஒவ்வொரு முறையும் குரல் ஸ்பீக்கர் வழியாக இரண்டாம் தடவை ஒலித்தது.

பாடகியைத் திருப்பி, டிரம்ஸைப் பார்த்து நிற்க வைத்தோம். மைக்கின் செவிட்டுப் பக்கம் இப்போது டிரம்ஸ் இருக்கும் திசையில். குரல் ஸ்பீக்கர்களில் ஒன்றைப் பாடகிக்கு முன்னால் 1.2 மீட்டர் தொலைவில் தரையில் சாய்த்து வைத்தோம். அதுவும் மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் விழுகிறது. இன்னொன்றை டிரம்ஸ் கலைஞரின் காதுக்கு அருகில் வைத்தோம். எல்லோரும் வட்டமாக, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி நிற்பது வாசிப்புக்கும் நல்லது. மேடை வரிசையைப் பழக வேண்டுமானால் நிகழ்ச்சிக்கு முந்தைய ஒத்திகைகளில் பழகிக்கொள்ளலாம்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர்கள் தரையில் இருந்தன. பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உயர்ந்த அதிர்வெண்களைக் குறுகிய கற்றையாக நேர் முன்னே அனுப்பும். கலைஞர் அதற்கு ஒரு மீட்டர் முன்னால் நிற்கிறார். கூர்மையான பகுதி அவர் முழங்காலில் பட்டு, எதிர்ப்பக்கம் நிற்பவரின் காதைக் குத்துகிறது. அவருக்கே மந்தமாகத்தான் கேட்கிறது. உடனே அவர் டிரெபிளையும் ஒலி அளவையும் கூட்டுகிறார். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் நாற்காலி உயரத்துக்கு ஏற்றி, கலைஞரின் காதைப் பார்க்கும்படி பின்னோக்கிச் சாய்த்ததும், இருவரும் யாரும் சொல்லாமலே ஒலியைக் குறைத்தார்கள். ஒத்திகை அறைப் பிரச்சினைகளுக்கு ஒரே ஒரு யோசனை மட்டும் சொல்ல அனுமதி இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

பேஸ் ஆம்ப்ளிஃபயரை மூலையிலிருந்து எடுத்து, நீளத்தின் கால் பங்கில், அதாவது குறுக்குச் சுவரிலிருந்து 1.3 மீட்டரில் வைத்தோம். நீளத்தின் 66 ஹெர்ட்ஸ் நிலை அலைக்கு அங்கே அழுத்தம் சூனியம். ஆகவே அந்த இடத்திலிருந்து அதை எழுப்புவது கடினம். பேஸ் கலைஞரை நடுக்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளி நிற்கச் சொன்னோம். ஈ சுரம் திரும்பி வந்தது. ஆனால் 66 ஹெர்ட்ஸின் உயர வழி ஒத்ததிர்வு அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபயர் தரையில் இருக்கும்வரை அது எழும்பத்தான் செய்யும்.

பக்கத்தில் இருப்பவர் சத்தமாக இருந்தால் நாமும் அறியாமல் குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911ஆம் ஆண்டில் விவரித்த இந்த இயல்பு அவர் பெயராலேயே லொம்பார் விளைவு எனப்படுகிறது. அவர் பேசியது மனிதக் குரலைப் பற்றி. ஒலி அளவுக் குமிழைத் திருகும் விரலுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

எவ்வளவு உறிஞ்ச வேண்டும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சாபின், 1895ஆம் ஆண்டில், பேச்சே புரியாத ஒரு விரிவுரை அரங்கைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்றார். பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலித்து நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் காதாலும் கடிகாரத்தாலும் அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் போதுமானதாக இருக்கிறது: எதிர்முழக்க நேரம் என்பது 0.161ஐக் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் (தன்மேல் படும் ஒலி முழுவதையும் உறிஞ்சும் பரப்பாக மாற்றிக் கணக்கிட்டது) வகுத்தது.

நம் அறைக்கு 0.161 × 54 என்பது 8.7. நேரம் 1.6 வினாடி என்றால், இருக்கும் உறிஞ்சு பரப்பு சுமார் 5.4 சதுர மீட்டர். 0.4 வினாடிக்கு 21.8 சதுர மீட்டர் வேண்டும். ஆகவே ஏறத்தாழ 16 சதுர மீட்டர் சேர்க்க வேண்டும். அறையின் மொத்தப் பரப்பு 89 சதுர மீட்டர், அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. சுவர் முழுவதையும் மூட வேண்டும் என்று நினைத்திருந்த குழுவுக்கு இது ஆறுதலாக இருந்தது. குறைந்த பரப்பில் தடிமனாகச் செய்வது, அதிகப் பரப்பில் மெல்லியதாகச் செய்வதைவிட எப்போதும் மேல்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் ஒலி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. சிறிய அறையில் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே அது உண்மை அல்ல. ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃபிரெட் ஷ்ரோடர் பெயரால் வழங்கும் அந்த எல்லை இந்த அறையில் தொடக்கத்தில் 340 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தது. அதற்குக் கீழே கணக்கை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, நிலை அலைகளைத் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும்.

செய்தது

முட்டை அட்டையையும் ஃபோமையும் முதலில் கழற்றினோம். ஃபோமைக் கழற்றியதற்கு ஒலி மட்டும் காரணம் அல்ல. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் இரவு விடுதியில் மேடை வாணத்தின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பட்டு 100 பேர் இறந்தார்கள். 2013ஆம் ஆண்டு பிரேசிலின் சாந்தா மரியா நகரில் கிஸ் விடுதியில் 242 பேர். அங்கேயும் கூரையின் ஃபோமில்தான் தீ பிடித்தது. எரியும்போது அது விடும் புகை நச்சு. ஒரே கதவுள்ள அறையில், சூடாகும் ஆம்ப்ளிஃபயர்களுக்கும் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே தீத் தடுப்புச் சான்று இல்லாத ஃபோமை ஒட்டுவது பற்றி விவாதிக்கவே நாங்கள் தயாராக இல்லை.

பதிலாக எடுத்துக்கொண்டது ராக்வூல். பாறையை உருக்கி இழையாக்கிய பலகை, எரியாதது. கன மீட்டருக்கு 50 கிலோ அளவு அடர்த்தி, 10 சென்டிமீட்டர் தடிமன். அடர்த்தி கூடினால் இன்னும் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். தடிமனான பலகையில் அடர்த்தி மிகுந்தால் ஒலி உள்ளே நுழையாமலே திரும்பிவிடும். மரச்சட்டத்துக்குள் பலகையை வைத்து, காற்றுப் புகும் துணியால் போர்த்தினோம். துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தால் மூச்சு தடையின்றிப் போக வேண்டும், அதுதான் சோதனை. வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். இழைகள் தோலில் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது.

முதல் வேலை கூரை. 2.6 மீட்டர் உயரத்தில் சிம்பலுக்கும் கூரைக்கும் இடையே ஒன்றரை மீட்டர்கூட இல்லை. கூரையில் பட்டுத் திரும்பும் ஒலி நேராகப் பாடகியின் மைக்கில் வந்து விழுகிறது. டிரம்ஸிலிருந்து அறையின் நடுவரை 2.4 மீட்டர் சதுரத்துக்குப் பலகைகளை, கூரையிலிருந்து 10 சென்டிமீட்டர் இறக்கித் தொங்கவிட்டோம். பின்னால் உள்ள அந்தக் காற்று இடைவெளி செலவில்லாமல் கிடைக்கும் தடிமன். ராக்வூலின் எடையே 29 கிலோ வரும், சட்டத்தோடு இன்னும் கூடும். ஆகவே நான்கு தனித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கான்கிரீட்டில் பதித்த விரிவு ஆணிகளில் கம்பி வடத்தால் கட்டினோம். தலைக்கு மேல் தொங்கும் எதையும் பசையை நம்பித் தொங்கவிடக் கூடாது.

சுவர்களுக்கு 1.2 மீட்டருக்கு 0.6 மீட்டர் அளவில் எட்டுப் பலகைகள், இவையும் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி. மூன்று பாடகியின் முதுகுக்குப் பின்னால். மைக்கின் முன்பக்கம் பார்க்கும் சுவர் அதுவே என்பதால் முதலிடம் அதற்கு. இரண்டு டிரம்ஸுக்குப் பின்னால். மீதி மூன்றும் பக்கச் சுவர்களில், ஒரு பலகைக்கு எதிரே வெற்றுச் சுவர் வரும்படி மாற்றி மாற்றி. அப்போது எதிரெதிர்ச் சுவர்களின் நடுக்கம் பாதிச் செலவில் ஓய்ந்துவிடும், அறையும் செத்த அறையாக ஆகாது. எல்லாச் சுவர்களையும் உறிஞ்சவைத்தால் பாடகர்கள் தொண்டையை வருத்திப் பாடத் தொடங்குவார்கள்.

மூலைகள் நான்கில் ஒன்று கதவுக்குப் போனது. மற்ற மூன்றிலும் தரையிலிருந்து கூரைவரை, முகப்பு 60 சென்டிமீட்டர் இருக்கும்படி முக்கோணமாக வெட்டிய ராக்வூலை அடுக்கினோம். முகப்பில் துணிக்கு உள்ளே ஒரு மெல்லிய பழுப்புக் காகிதம். தாழ்ந்த ஒலி அதைத் துளைத்துக்கொண்டு போகும், உயர்ந்த ஒலியின் ஒரு பகுதி திரும்பி அறைக்கு வரும். ஆக மொத்தம் 16 சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல்.

ஒலியைச் சிதறடிக்கும் பள்ளமேட்டுப் பலகைகள் வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. ஷ்ரோடர் 1975ஆம் ஆண்டில் முன்வைத்த எண்கணித வடிவமைப்பு அழகானது. ஆனால் நான்கு மீட்டர் அகல அறையில் ஐந்து பேர் சுவரை ஒட்டி நிற்கும்போது அது விரிந்து பரவ இடமில்லை. விட்டுவிட்டோம்.

அந்த 66 ஹெர்ட்ஸ்

இத்தனைக்குப் பிறகும் சி சுரம் தலைதூக்கி நின்றது, முன்பைவிடக் குறைவாக என்றாலும். 66 ஹெர்ட்ஸின் கால் அலைநீளம் 1.3 மீட்டர். அவ்வளவு தடிமனில் ராக்வூல் வைத்தால் குழு வெளியே நின்றுதான் வாசிக்க வேண்டும். இங்கே வேறு வழி தேவைப்பட்டது: அழுத்தத்துக்கு அதிர்ந்துகொடுக்கும் சவ்வுப் பெட்டி.

காற்றுப் புகாத ஆழமற்ற பெட்டி ஒன்றின் முகப்பில் மெல்லிய பிளைவுட் தகடு. தகட்டின் எடையும் உள்ளே அடைபட்ட காற்றின் மீள்தன்மையும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும். உள்ளே தகட்டைத் தொடாமல் வைத்த ராக்வூல் அந்த அதிர்வை வெப்பமாக்கி விழுங்கும். தகட்டின் எடையைச் சதுர மீட்டருக்குக் கிலோவிலும், ஆழத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 60ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். 9 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 5.4 கிலோ. ஆழம் 15.3 சென்டிமீட்டர் என்றால் விடை 66.

1.2 மீட்டருக்கு 0.8 மீட்டர் அளவில் மூன்று பெட்டிகள் செய்து, பாடகிக்குப் பின்னால் உள்ள குறுக்குச் சுவரின் அடியில், சுவர்ப் பலகைகளுக்குக் கீழே வரிசையாக வைத்தோம். நீள வழி, உயர வழி ஒத்ததிர்வுகள் இரண்டுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடம் அது. அழுத்தம் இல்லாத இடத்தில் வைத்த சவ்வுப் பெட்டி வெறும் மரப்பெட்டி. சூத்திரம் தரும் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. தகட்டின் விறைப்பும் திருகுகளின் இறுக்கமும் அதை மேலே தள்ளும். முதல் பெட்டியை மட்டும் செய்து, பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து அதிர்வெண்ணை மெல்ல ஏற்றித் தகட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தோம். சற்று உயரத்தில் அதிர்ந்தது. தகட்டின் நடுவில் சிறு எடை ஒன்றை ஒட்டி இறக்கிய பிறகே மற்ற இரண்டையும் செய்தோம்.

விளைவு

500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை எதிர்முழக்க நேரம் 0.4 வினாடியில் வந்து நின்றது. 125 ஹெர்ட்ஸில் 0.6. 66 ஹெர்ட்ஸ் மேடு 14 டெசிபலிலிருந்து பாதியாகக் குறைந்தது, அடங்கும் நேரம் 0.7 வினாடி. முற்றிலும் மறையவில்லை. இந்த நீள உயரக் கணக்கில் மறையவும் மறையாது.

உறிஞ்சு பரப்பு நான்கு மடங்கானதால் அறையில் சுழலும் ஒலியின் அளவு 6 டெசிபல் இறங்க வேண்டும். பாடகியின் இடத்தில் ஒத்திகையின் சராசரி 103 டெசிபலிலிருந்து 94க்கு வந்தது. 6 டெசிபல் பலகைகளின் வேலை. மீதி 3 டெசிபல், ஒருவர் சத்தத்தை வெல்ல இன்னொருவர் கூட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனதால் வந்தது. பாடகிக்குத் தன் குரல் கேட்டதற்கான காரணம் அவருடைய ஸ்பீக்கர் உரத்துப் போனது அல்ல. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் அறையின் சுழல் ஒலியும் சமமாகும் தொலைவு, அந்த வகை ஸ்பீக்கருக்கு முன்பு 75 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. எதிர்முழக்கம் கால் பங்கானதும் அது ஒன்றரை மீட்டராக இரட்டித்தது. 1.2 மீட்டரில் நிற்கும் அவர் முன்பு அந்த எல்லைக்கு வெளியே இருந்தார், இப்போது உள்ளே இருக்கிறார்.

காதுக்கு இதன் பொருள் பெரிது. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்து, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்குகிறது. அந்தக் கணக்கில் 103 டெசிபலை ஏழரை நிமிடம்தான் தாங்கலாம், 94ஐ ஒரு மணி நேரம். இந்தக் குழுவின் ஒத்திகை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள்வது. ஆகவே காதடைப்பான் இன்னும் வேண்டும். எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் வகை, டிரம்ஸ் கலைஞருக்கு முதலில். அவர் ஒருவர்தான் இந்த மாற்றங்களால் பெரிதாகப் பயனடையாதவர். அவர் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பங்கு அரை மீட்டரில் இருக்கும் சிம்பலிலிருந்து நேராக வருவது. அதை எந்தச் சுவர்ப் பலகையும் குறைக்காது. மெல்லிய குச்சிகளுக்கு மாறச் சொன்னோம், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அண்டை வீட்டாருக்குப் போகும் சத்தம் இந்த வேலையின் எல்லைக்குள் வரவில்லை. உள்ளே 9 டெசிபல் குறைந்ததால் வெளியேயும் கொஞ்சம் குறைந்திருக்கும், அது இலவசமாகக் கிடைத்தது. ஒலியைத் தடுக்க எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால்கூடக் கோட்பாட்டளவில் கிடைப்பது 6 டெசிபல்தான். பலகைகளால் அது ஆகாது. இந்த அறையில் பலவீனமான இடம் கதவு: உள்ளீடற்ற மரம், அடியில் விரல் நுழையும் இடைவெளி. கனமான கதவும் சுற்றிலும் ரப்பர் விளிம்பும் அடுத்த கட்ட வேலை. ஆனால் ஐந்து பேர் மூச்சுவிடும் அறைக்கு இப்போது புதுக்காற்று வருவது அந்த இடைவெளி வழியாகத்தான். ஆகவே உட்புறம் ராக்வூல் பூசி வளைத்த காற்றுக்குழாய் ஒன்றை முதலில் அமைத்துவிட்டு, அதன் பிறகுதான் கதவில் கை வைக்க வேண்டும்.